மதுவின்றி ஒரு விருந்து

நண்பர் ஒருவரை உணவுக்கு அழைப்பது மிக எளிய செயல் என்றே நாம் எண்ணுகிறோம். நம் ஊரில் அது பெரும்பாலும் உண்மையுங்கூட. ‘வாருங்கள், ஓட்டலுக்குப் போகலாம்’ என்று ஒருவர் சொன்னால், இட்டிலியும் தோசையும் காப்பியும் நம் நினைவுக்கு வருமேயன்றி மது வருவதில்லை. ஓட்டல் என்னும் சொல் கடல் கடந்து வந்ததாயினும், நம்மிடையே அது உணவுச்சாலையையே குறிக்கிறது. பெரிய நட்சத்திர விடுதிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், உணவு விற்கும் இடம் வேறு, மது விற்கும் இடம் வேறு. இந்தப் பிரிவு நமக்கு மூச்சுவிடுதல் போல் இயல்பாகிவிட்டது. ஆகையால், மது அருந்தாத நண்பரோடு உட்கார்ந்து உண்பதற்கு ஓர் இடம் தேடவேண்டும் என்ற நிலை நமக்கு விந்தையாகத் தோன்றும்.

மாணவ நண்பர்களே! இன்று வகுப்பறையில் இருக்கும் உங்களுள் பலர் நாளை வேற்று நாடுகளில் பணியாற்றச் செல்வீர்கள். அங்கே பல நாட்டினரும் பல பழக்கத்தினரும் ஓர் அலுவலகத்தில் உடனமர்ந்து உழைப்பர். வேலை முடிந்தபின் உடனமர்ந்து உண்ணவும் வேண்டும். லண்டன் மாநகரில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தபோது நான் கண்டறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கேட்பதற்குச் சிறிய செய்தி. ஆனால் அதனுள் வரலாறு இருக்கிறது, வேதியியல் இருக்கிறது. மனிதரை மனிதர் மதிக்கும் முறையும் இருக்கிறது.

இங்கிலாந்தில் ‘பப்’ என்று வழங்கும் மதுவிடுதி, நம் ஊர்ச் சாராயக்கடையைப் போன்றது அன்று. பொது இல்லம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். ஊர்ச் சாவடி, உணவுச்சாலை, பேச்சு மன்றம் ஆகிய மூன்றும் ஒன்றாகிய இடம் அது. வெள்ளிக்கிழமை மாலையில் அலுவலகமே எழுந்து அங்கே செல்லும். அங்கு ‘ரவுண்ட்’ என்றொரு வழக்கம் உண்டு. ஐவர் சென்றால் ஒருவர் ஐவருக்கும் வாங்குவார். அது தீர்ந்ததும் அடுத்தவர் ஐவருக்கும் வாங்குவார். இவ்வாறு முறை சுற்றிவரும். இது கொடுத்து வாங்கும் நட்பின் அடையாளம். இந்தச் சுற்றுக்குள் நில்லாதவர், தாமே விரும்பாவிட்டாலும், சற்று ஒதுங்கியவர் ஆகிவிடுகிறார்.

அந்நாட்டில் எல்லாருமே குடிப்பவர் என்று எண்ணிவிடாதீர்கள். 2017-ஆம் ஆண்டில் அரசின் புள்ளிவிவரத் துறை எடுத்த கணக்கில், பிரிட்டனில் வயது வந்தோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தாம் மது அருந்துவதே இல்லை என்று கூறினர். சிலருக்குச் சமயம் காரணம். சிலருக்கு உடல்நலம் காரணம். சிலர் ஒருகாலத்தில் மதுவுக்கு அடிமையாகிப் பெரும்பாடுபட்டு மீண்டவர்கள். வேறு சிலருக்குக் காரணம் எதுவுமே இல்லை. அதன் சுவை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொல்லை புதியதும் அன்று. 1888-ஆம் ஆண்டில் சட்டம் பயில லண்டனுக்குச் சென்ற இளைஞர் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். மதுவையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று தாயிடம் வாக்களித்துச் சென்ற மோகன்தாஸ் காந்தியே அவர். அக்காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்குத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. பயிலும் கழகத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையான விருந்துகளிலும் கலந்துகொள்ள வேண்டும். நால்வருக்கு இரண்டு புட்டி மது என்பது அங்கே கணக்கு. காந்தி தொடமாட்டார், ஆகவே அவர் அமரும் குழுவில் மற்ற மூவருக்கும் பங்கு மிகுதி. இதனால் அவரைத் தங்கள் மேசைக்கு அழைப்பதில் மாணவர்களுக்குள் போட்டி இருந்தது என்று அவரே தம் வரலாற்றில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். வயிறார உண்ண ஓர் இடம் தேடி நகரத்தில் நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து, ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவுச்சாலை ஒன்றைக் கண்டபோது அவர் குழந்தைபோல் மகிழ்ந்தார் என்பதும் அதே நூலில் உள்ள செய்தி.

அந்த உணவுச்சாலை அங்கே தற்செயலாக முளைத்ததன்று. அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு இயக்கம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் பிரஸ்டன் என்னும் ஆலை நகரத்தில், 1832-ஆம் ஆண்டில் ஜோசப் லிவ்சி என்பவரும் அவருடைய தோழர் சிலரும் எவ்வகை மதுவையும் அறவே தொடுவதில்லை என்று கையொப்பமிட்டனர். அதுவரை, கடும் சாராயத்தை விட்டுவிட்டு மிதமாக பீர் அருந்தலாம் என்பதே சீர்திருத்தக்காரர் பலருடைய கருத்தாக இருந்தது. முழு விலக்கு என்பது பிரஸ்டனில்தான் வலுப்பெற்றது. மது அருந்தாதவரைக் குறிக்க இன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘டீடோட்டலர்’ என்ற சொல்லும் அந்நகரத்துக் கூட்டங்களில் பிறந்ததுதான். அதில் வரும் ‘டீ’ தேநீர் என்று பலர் நினைப்பது பிழை. முழுமை என்னும் பொருள்படும் ‘டோட்டல்’ என்ற சொல்லின் முதலெழுத்தை இரட்டித்து அழுத்திச் சொன்னதே அது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

குடியை விடு என்று ஒரு தொழிலாளியிடம் சொல்வது எளிது. விட்டபின் அவன் மாலையில் எங்கே போய் உட்காருவான்? வெளியூர் சென்றால் எங்கே தங்குவான்? கூட்டம் கூட இடம் எது? இவை எல்லாவற்றுக்கும் மதுவிடுதி ஒன்றே விடையாக இருந்த காலம் அது. மாற்று இடம் இல்லாவிட்டால் உறுதிமொழி நிலைக்காது என்பதை இயக்கத்தினர் விரைவில் உணர்ந்தனர். எனவே மதுவிலக்கு விடுதிகளும் காப்பிச் சாலைகளும் எழுந்தன. உலகப் புகழ் பெற்ற சுற்றுலா நிறுவனத்தை உருவாக்கிய தாமஸ் குக், இந்த இயக்கத்தில் தோன்றியவர். 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் அவர் நடத்திய முதல் ரயில் பயணம், லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்னும் ஊரில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சென்ற பயணந்தான். ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் அதில் சென்றனர். பின்னர் 1894-ஆம் ஆண்டில் லண்டனின் பிக்கடிலி தெருவில் லயன்ஸ் நிறுவனத்தின் முதல் தேநீர்ச்சாலை திறக்கப்பட்டது. அத்தகைய சாலைகள் நகரெங்கும் பரவின. அலுவலகங்களில் வேலைக்கு வரத் தொடங்கிய பெண்கள், துணைக்கு ஆண் ஒருவர் இன்றியே சென்று அமர்ந்து உண்ணக்கூடிய மதிப்பான இடங்களாக அவை விளங்கின. மது வேண்டாம் என்றவர்களுக்காக எழுந்த இடம், வேறொரு காரணத்தால் வெளியே நின்றவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது! அந்தத் தேநீர்ச்சாலைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறைந்துவிட்டன.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் ஒன்பது பேர். அவர்களுள் ஒருவர் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த மூத்த பொறியாளர். நெடிய உருவம், குறைந்த பேச்சு. வேலை ஒன்று முடிந்து எல்லாரும் மதுவிடுதிக்குச் செல்லும்போது அவரும் வருவார். ஆரஞ்சுப் பழச்சாறு ஒரு குவளையை நின்றபடியே அருந்துவார், எல்லாரிடமும் கைகுலுக்குவார், கால் மணி நேரத்தில் விடைபெறுவார். அவரை யாரும் குறை கூறவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ‘நேற்று இரவு பேசினோமே’ என்று தொடங்கும் பேச்சுகளில் அவருக்குப் பங்கு இருப்பதில்லை. அடுத்த வேலையில் யார் எதைப் பார்ப்பது என்பதுகூட அந்த இரவுப் பேச்சுகளிலேயே பாதி முடிவாகிவிடும். எந்த விதியும் அவரை விலக்கவில்லை. உட்காரும் இடம் விலக்கியது.

ஒரு முறை, முடிவு விருந்துக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அவரிடம் சென்று, ‘நீங்கள் இறுதிவரை எங்களோடு அமர்ந்து உண்ணவேண்டுமானால் இடம் எப்படி இருக்கவேண்டும்?’ என்று கேட்டேன். ஏன் குடிப்பதில்லை என்று கேட்கவில்லை. அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு மூன்று செய்திகள் சொன்னார். ‘நாம் அமரும் மேசையில் மது இருத்தல் ஆகாது. உணவிலும் அது சேர்ந்திருக்கக்கூடாது. மூன்றாவது, என் பொருட்டு இடம் மாற்றியதாக யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்றார். மூன்றாவது வேண்டுகோளைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. அந்த ஒன்றை நிறைவேற்றுவதே கடினம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

தேடத் தொடங்கியபோதுதான், மது இல்லாத உணவுச்சாலை என்ற ஒரு பெயருக்குள் பல வகைகள் அடங்கியிருப்பது தெரிந்தது. இங்கிலாந்தில் மது விற்பதற்கு உரிமம் வேண்டும். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி மன்றங்கள் அவ்வுரிமத்தை வழங்குகின்றன. உரிமம் பெற்று விற்பவை முதல் வகை. உரிமம் இல்லாமையால் தாம் விற்காமல், வருவோர் தம் புட்டியைக் கொண்டுவந்து அருந்த இடங்கொடுப்பவை இரண்டாம் வகை. கிழக்கு லண்டனில் பிரிக் லேன் என்னும் தெருவில் வங்காளத்தார் நடத்தும் உணவுச்சாலைகளுள் இத்தகையவை பல உண்டு. தாமும் விற்காமல், பிறர் கொண்டுவரவும் இசையாதவை மூன்றாம் வகை. ‘இங்கே மது விற்பதில்லை’ என்ற ஒரே வாக்கியம் இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் பொருந்துவதைக் கவனியுங்கள். நான் முதலில் தொலைபேசியில் அழைத்த கடைக்காரர், ‘ஆம் ஐயா, எங்களிடம் மது இல்லை’ என்று சொல்லி எனக்கு மகிழ்ச்சியூட்டினார். அடுத்த மூச்சில், ‘ஆனால் நீங்கள் தாராளமாகக் கொண்டு வரலாம், குவளைகள் நாங்கள் தருகிறோம்’ என்று அன்போடு சேர்த்துக்கொண்டார்!

அடுத்தது சமையலறை. ஐரோப்பியச் சமையலில் மது ஒரு பருகும் பொருள் மட்டுமன்று. நம் புளியைப் போல, சுவை கூட்டும் பொருளுமாம். பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற கோழிக்குழம்பு ஒன்று சிவப்புத் திராட்சை மதுவிலேயே வேகிறது. சுவிஸ் நாட்டார் பாலாடைக்கட்டியை வெள்ளை மதுவில் உருக்குவர். இத்தாலியரின் தீராமிசு என்னும் இனிப்பில் பெரும்பாலும் மதுவோ ரம்மோ சேரும். ஆங்கிலேயர் மீன் பொரிக்கும் மாவில் பீர் கலப்பதும் உண்டு. ‘கொதித்தால் ஆவியாகிப் போய்விடுமே’ என்று நீங்கள் கேட்கலாம். அது நல்ல கேள்வி. ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ்; நீரின் கொதிநிலை 100 டிகிரி. ஆகவே ஆல்கஹால் முன்னதாக முழுவதும் போய்விடும் என்று தோன்றும். ஆனால் நீரோடு கலந்த ஆல்கஹால் அவ்வாறு ஒரேயடியாகப் பிரிவதில்லை. நீராவியோடு சேர்ந்து சிறிது சிறிதாகவே வெளியேறுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, அரை மணி நேரம் மெல்லக் கொதித்த உணவில் சேர்த்த ஆல்கஹாலில் ஏறத்தாழ 35 விழுக்காடு எஞ்சுகிறது. ஒரு மணி நேரத்தில் 25 விழுக்காடும், இரண்டரை மணி நேரத்தில் 5 விழுக்காடும் எஞ்சுகின்றன. உணவின்மேல் மதுவை ஊற்றித் தீக்கொளுத்திக் காட்டுகிறார்களே, அந்த வேடிக்கைக்குப் பின்னும் 75 விழுக்காடு அப்படியே இருக்கிறது! அளவு சிறிதாயினும், வேண்டாம் என்றவருக்கு அது வேண்டாம்தான்.

பானங்களிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆல்கஹால் நீக்கிய பீர் இப்போது பல நாடுகளில் கிடைக்கிறது. ஜெர்மனி போன்ற நாடுகளில், அரை விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ள பானத்துக்கும் ‘ஆல்கஹால் அற்றது’ என்று பெயரிட இடமுண்டு. சிலருக்கு அது போதும். சமய நெறியால் விலக்கியவர் அதனை ஏற்காமல் இருக்கலாம். மதுப் பழக்கத்திலிருந்து மீண்டவருக்கோ, அளவைக் காட்டிலும் அதன் மணமும் சுவையும் பழைய வேட்கையைத் தூண்டக்கூடும். நாமாக முடிவு செய்து அதனை அவர் முன் வைப்பது முறையன்று. தண்ணீரும் பழச்சாறும் தேநீரும் எவரையும் சோதிப்பதில்லை.

இறுதியில் எங்கே சென்றோம் என்று கேட்கிறீர்களா? கிழக்கு லண்டன் பகுதியான டவர் ஹாம்லெட்ஸில், 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, பத்தில் நால்வர் முஸ்லிம்கள். அங்கே மூன்றாம் வகை உணவுச்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. மேலும் சிலரைத் தொலைபேசியில் விசாரித்தபின், பஞ்சாபி முறையில் கரியடுப்பில் ஆட்டிறைச்சி சுடும் ஓர் உணவுச்சாலையைத் தேர்ந்தேன். குழுவினருக்கு எழுதிய கடிதத்தில் அந்த இறைச்சியின் பெருமையையும், சுடச்சுட வரும் ரொட்டியையும், மாம்பழ லஸ்ஸியையும் பற்றி எழுதினேன். மதுவைப் பற்றி ஒரே வரி: ‘அங்கே மது கிடையாது, கொண்டுவரவும் இயலாது.’ காரணம் எழுதவில்லை. ஒருவர் மட்டும் வந்து, ‘அப்படியானால் பீர்?’ என்றார். ‘உணவு முடிந்தபின் வீதி முழுவதும் உம்முடையது’ என்றேன். சிரித்துக்கொண்டே போனார். ஒன்பது பேரும் வந்தனர்.

அன்றைக்கு அந்த மூத்த பொறியாளர் கால் மணி நேரத்தில் எழவில்லை. மூன்று மணி நேரம் இருந்தார். அவர் அத்தனை பேசி நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. அடுத்து நாங்கள் எடுத்துக்கொள்ளவிருந்த வடிகால் வேலை நடக்கும் பள்ளத்தாக்கில், அவர் இளமையில் ஐந்தாண்டுகள் பணியாற்றியவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. எந்த ஓடை எந்த மாதத்தில் கரை மீறும், எந்த இடத்தில் நிலம் வழுக்கும் என்று காகிதக் கைக்குட்டையில் கோடு வரைந்து காட்டினார். எங்கள் தலைவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவ்வேலையின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்குச் சீட்டு வந்தபோது ஒன்பதாகப் பிரித்தோம். பிறர் குடித்த மதுவுக்கு ஒருவர் பங்கு கொடுக்கும் சங்கடமும் அன்று இல்லை. அவர் ஏன் குடிப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவேண்டிய தேவையும் ஏற்படவில்லை.

தமிழராகிய நமக்கு இதில் சிந்திக்க இடமுண்டு. சங்க காலத்து விருந்துகளில் கள் வழங்குவது புரவலரின் சிறப்பாகக் கருதப்பட்டது. அதியமானைப் பாடிய ஔவையாரின் புறப்பாட்டே அதற்குச் சான்று. பின்னர் வந்த வள்ளுவரோ விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். நம் காலத்தில் 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்குச் சட்டம், 1948-இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971-இல் தளர்த்தப்பட்டு, பின்னரும் பலமுறை மாறியது. சட்டத்தைப் பற்றிய வாதங்களை இங்கே நான் எடுக்கவில்லை. சட்டம் ஊர் முழுவதையும் ஒரே நெறியில் நிறுத்த முயல்கிறது. விருந்தோம்பலின் வேலை அதனினும் சிறியது. ஒரு மேசையில் இருப்பவர் அனைவரும் மனம் குன்றாமல் உண்ணும்படி பார்த்துக்கொண்டால் அதற்குப் போதும். அன்று எங்கள் மேசையில் குடிப்பவர் எண்மர், குடியாதவர் ஒருவர். எண்மரும் இழந்தது ஒரு மாலைப்பொழுதின் பீர். ஒருவர் பெற்றது தமக்குரிய நாற்காலி.

நீங்கள் நாளை இத்தகைய பொறுப்பை ஏற்கும்போது சிலவற்றை நினைவில் வையுங்கள். விருந்தினரிடம் ‘ஏன்’ என்று கேளாமல் ‘எப்படி’ என்று கேளுங்கள். பக்கத்து மேசையில் மது இருந்தால் பொருட்படுத்தாதவர் உண்டு. அந்தக் கூரையின் கீழேயே இருக்கக்கூடாது என்பவரும் உண்டு. அது அவர் சொல்லவேண்டியது. நாம் ஊகிக்கவேண்டியது அன்று. உணவுச்சாலையாரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மது விற்கிறீர்களா, வருவோர் கொண்டுவர விடுகிறீர்களா, சமையலில் சேர்க்கிறீர்களா? வாழ்த்துக் கூறிக் குவளை உயர்த்தும் நேரத்தில், தண்ணீர்க் குவளையும் மற்றக் குவளையோடு ஒத்த மதிப்புடையதே என்று நடந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் செய்த ஏற்பாட்டைப் பறைசாற்றாதீர்கள். ‘இவருக்காகத்தான் இங்கே வந்தோம்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த விருந்தினர் உண்ட சோறு முழுவதும் கடனாகிவிடும்.

இதே முறை மதுவுக்கு மட்டும் உரியதன்று. புலால் உண்ணாதவர், சர்க்கரை நோயாளர், நோன்பு இருப்பவர், மாடிப்படி ஏற இயலாதவர், விலை உயர்ந்த இடத்துக்கு வரக் கூசும் ஏழை மாணவர் ஆகிய எல்லாருக்கும் இது பொருந்தும். உங்கள் விடுதியில், உங்கள் வகுப்பில், ஒவ்வொரு கொண்டாட்டத்தின்போதும் ஏதோ ஒரு காரணம் சொல்லிச் சீக்கிரம் விடைபெறும் தோழர் ஒருவர் இருப்பார். அடுத்த முறை இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் அவரிடம் தனியே சென்று, ‘நீ கடைசிவரை இருக்கவேண்டும், எங்கே போகலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள்.